மீன் வாங்கிய ஞாயிறும் மீதி ஆறு நாளும்

வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தின் வாரச் சாப்பாட்டில் எதை அன்றன்றைக்குச் சமைக்க வேண்டும், எது ஃபிரீசரில் காத்திருக்கலாம் என்பதை முடிவு செய்பவை மூன்று: உணவில் வளரும் நுண்ணுயிர்கள், உணவுக்குள்ளேயே இருக்கும் நொதிகள், உணவில் உள்ள நீர். இம்மூன்றும் குளிருக்கு ஒரே மாதிரி கட்டுப்படுவதில்லை. அதனால்தான் இறால் மாதக்கணக்கில் காத்திருக்கிறது. உருளைக்கிழங்குக் குழம்பு ஒரே வாரத்தில் பஞ்சாகிவிடுகிறது.

இதை மீனில் தொடங்கிப் பார்ப்பது எளிது. புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், தஞ்சாவூர் மாவட்ட எல்லையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் கட்டுமாவடி, மீன் சந்தைக்குப் பேர்போன ஊர். பாக் நீரிணைக் கடலில் பிடிபடும் நண்டு, இறால், கணவாய், காரல், மத்தி, சங்கரா எல்லாம் இங்கே கைமாறி பேராவூரணி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று உள்நாட்டுக்குப் போகின்றன. கடல் கொடுப்பது ஒரே சீராக வருவதில்லை. தெற்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்கள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வீட்டில் நேரம் கிடைப்பதும் இதே போல்தான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சந்தைக்குப் போகவும், மீன் கழுவவும், மசாலா அரைக்கவும் கிடைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அந்த நேரமும் சமமாகப் பங்கிடப்படவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். வீட்டுச் சமையலை மெச்சும் எந்தப் பேச்சும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அடுத்தவர் மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்பதை ஆரோக்கியத்தின் விலை என்று சொல்வது நியாயமல்ல. குளிர்ப்பெட்டி அந்த மணிகளில் ஒரு பகுதியைத் திருப்பித் தர முடியும். எந்தப் பகுதியை என்பதுதான் அறிவியல் சொல்ல வேண்டியது.

கரையிலிருந்து வீடு வரை

உயிர் போனதும் மீனின் தசையிலுள்ள ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து, தசை விறைக்கிறது. தலையைப் பிடித்துத் தூக்கினால் மீன் வளையாமல் நிற்கிறதா என்று சந்தையில் பார்ப்பது இந்த விறைப்பைத்தான். அது தளர்ந்த பிறகு தசையின் சொந்த நொதிகள் புரதத்தை உடைக்கத் தொடங்குகின்றன. செவுளிலும் தோலிலும் குடலிலும் இருந்த பாக்டீரியாக்கள் தசைக்குள் நுழைகின்றன. கடல் மீன்கள் உப்பு நீரின் அழுத்தத்தைச் சமாளிக்க டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற மணமில்லாப் பொருளைத் தசையில் வைத்திருக்கின்றன. பாக்டீரியா அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றும்போது கவிச்சி எழுகிறது. புளியும் எலுமிச்சையும் கவிச்சியை அடக்குவது வெறும் வாசனைப் பூச்சு அல்ல. அமிலத்தோடு சேர்ந்த அமீன், காற்றில் கலக்காத உப்பாகிவிடுகிறது.

கவிச்சியைப் புளியால் அடக்கலாம். ஹிஸ்டமினை எதனாலும் அடக்க முடியாது. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. வெயிலில் கிடந்த மீனில் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிப்பது இதனால்தான். ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. வாங்கிய இடத்திலேயே குளிர் தொடங்கிவிட வேண்டும். வீட்டு ஃபிரீசர் வரை தள்ளிப்போடக் கூடாது.

எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறக்குறைய 80 கிலோ கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் 2 கிலோ மீனைப் பூஜ்யம் டிகிரிக்குக் கொண்டுவர 50 கிலோ கலோரி அளவுக்கு எடுக்க வேண்டும். அதற்கு முக்கால் கிலோவுக்கும் குறைவான ஐஸ் போதும். ஆனால் தெர்மாகோல் பெட்டியின் இடுக்கு வழியாகவும், மூடியைத் திறக்கும் போதெல்லாமும் வெளிவெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அதனால் மீனுக்குச் சம எடை ஐஸ் என்பதே நம் வெயிலுக்குச் சரியான அளவு. கட்டி ஐஸை விட நொறுக்கிய ஐஸ் நல்லது, மீனை எல்லாப் பக்கமும் தொடும். அடியில் ஒரு வரிசை, மீன், மேலே ஒரு வரிசை என்று அடுக்க வேண்டும். உருகிய நீரில் மீன் மிதக்க விடக் கூடாது.

வெப்பக்கடல் மீனுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. அதன் மேலிருக்கும் பாக்டீரியாக்கள் 30 டிகிரிச் சூட்டுக்குப் பழகியவை. பூஜ்யத்தில் அவை முடங்கிப்போகின்றன. குளிர்க்கடல் மீனின் பாக்டீரியாக்களுக்கோ ஐஸ் பழகிய இடம். ஆகவே நம் கடல் மீன் ஐஸில் பொதுவாகக் கூடுதல் நாள் தாங்கும். இந்த ஐஸே ஒரு காலத்தில் கடல் தாண்டி வந்த சரக்கு. சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842இல் கட்டப்பட்டது, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிக் கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க. அன்று வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுச் சரக்காக இருந்த ஐஸ்தான் இன்று மீன் வண்டிகளில் உருகி ரோட்டில் சொட்டிக்கொண்டு போகிறது.

உறைவது எப்படி

ஐஸில் வைப்பது கெடுதலைத் தாமதப்படுத்துகிறது. உறைய வைப்பது அதைக் கிட்டத்தட்ட நிறுத்துகிறது. மீனின் தசைநீரில் உப்புகளும் புரதங்களும் கரைந்திருப்பதால் அது பூஜ்யத்தில் உறையாது. மைனஸ் 1 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கி, மைனஸ் 5க்குள் நீரின் பெரும்பகுதி பனியாகிவிடும். இந்தச் சின்ன இடைவெளியை எவ்வளவு வேகமாகக் கடக்கிறோம் என்பதில்தான் ருசி இருக்கிறது. மெதுவாகக் கடந்தால் சில பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து தசையைக் குத்திக் கிழிக்கும். உருக்கும்போது சாறு வடிந்து, மீன் சக்கையாகும். வேகமாகக் கடந்தால் நுண்ணிய படிகங்கள் ஏராளமாக உண்டாகி, தசை பெரிய சேதமில்லாமல் தப்பும்.

இதைக் கண்ணால் பார்த்துத் தொழிலாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். கனடாவின் லாப்ரடார் பகுதியில் 1912 முதல் சில ஆண்டுகள் இருந்தபோது, இன்யூயிட் மக்கள் கடும் குளிர்க்காற்றில் மீனை நொடியில் விறைக்கச் செய்வதையும், மாதங்கள் கழித்து உருக்கினாலும் அது புதிது போல் இருப்பதையும் கவனித்தார். இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே உணவை அழுத்தி வேகமாக உறைய வைக்கும் முறையை உருவாக்கினார். 1930இல் மாசச்சூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் அந்தப் பொட்டலங்கள் கடைக்கு வந்தன.

வீட்டு ஃபிரீசரில் அந்த வேகம் இல்லை. ஆனால் அதற்கு அருகே போக ஒரு வழி உண்டு: பொட்டலத்தைத் தட்டையாக்குவது. உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறக் கடக்க வேண்டிய தூரம் குறைவதால், தடிமன் பாதியானால் உறையும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மூன்று கிலோ மீனை ஒரே பையில் உருண்டையாகப் போட்டு வைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. நடுப்பகுதி உறைய ராத்திரி முழுக்க ஆகும். எடுக்கும்போது மொத்தத்தையும் உருக்க வேண்டியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பை, இரண்டு விரல்கடைக்கு மேல் தடிமன் இல்லாமல், காற்றை அமுக்கி வெளியேற்றி, மேலே தேதி எழுதி, ஃபிரீசரின் உலோகத் தரையில் படிய வைப்பது சரியான முறை. காற்றை வெளியேற்றுவது முக்கியம். உறைந்த உணவின் மேற்பரப்பிலிருந்து பனி, நீராகாமலேயே நேராக ஆவியாகும். அந்த இடம் வெளிறிக் காய்ந்துபோகும்.

ஃபிரீசரின் தரம் வேறொரு சிக்கல். குளிர்பதனப் பெட்டியின் முன்னால் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்தைச் சொல்பவை. ஃபிரீசர் எவ்வளவு குளிரும் என்பதற்கு வேறு நட்சத்திரக் குறி உலக வழக்கில் இருக்கிறது: ஒன்று என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேல்தட்டு பல வீடுகளில் மைனஸ் 18ஐத் தொடுவதில்லை. ஐஸ் கட்டினாலே ஃபிரீசர் சரியாக இருக்கிறது என்று பொருளல்ல. மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே நுண்ணுயிர்கள் பெருகுவது நின்றுவிடும். ஆனால் சாவதில்லை, உறங்குகின்றன. நொதிகளும் கொழுப்பின் சிக்கும் அங்கேயும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். மைனஸ் 18இல் கொழுப்புக் குறைந்த மீன் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை பிடிக்கும். அந்த அளவுக்குக் குளிராத பெட்டியில் இந்தக் கணக்கை வாரங்களாகச் சுருக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

கட்டுமாவடிக் கூடையில் இருக்கும் ஒவ்வொன்றும் உறையும்போது ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. கணவாய் உறைவதற்கென்றே படைத்தது போன்றது. படிகங்கள் அதன் நாரைக் கொஞ்சம் தளர்த்துவதால் மிருதுவாகக்கூட ஆகும். இறாலின் தலையில் செரிமான நொதிகள் குவிந்திருக்கின்றன. தலையோடு வைத்தால் உடல் கருக்கும், சதை குழையும். தலையைக் கிள்ளி, கழுவி, டப்பாவில் பரப்பி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் அந்தப் பனிப்போர்வை காற்றைத் தடுக்கும். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இறாலுக்கு மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பது இதே காரணத்துக்காகத்தான். நண்டு நேர்மாறு. செத்த உடனேயே அதன் நொதிகள் சதையைக் கூழாக்கத் தொடங்கும். பச்சையாக உறைய வைத்த நண்டை உடைத்தால் ஓடு மட்டும்தான் நண்டாக இருக்கும். உயிரோடு வாங்கி, அன்றே வேகவைத்து, பிறகு உறைய வைக்க வேண்டும். இல்லையென்றால் ஞாயிறு மதியமே தீர்த்துவிடுவது உத்தமம்.

அடுப்புக்கு உரியது, பெட்டிக்கு உரியது

சமைத்த உணவில் கணக்கு மாறுகிறது. நீரும் எண்ணெயும் புளியும் கலந்த குழம்பு குளிரை நன்றாகத் தாங்கும். வெங்காயம், தக்காளி, மசாலா வதக்கிப் புளி ஊற்றிக் கொதித்த அடிக்குழம்பைப் பெரிதாகச் செய்து, நாலு டப்பாவில் உறைய வைத்தால், நாலு நாள் மாலையில் தலா முக்கால் மணி நேரம் மிச்சம். தேங்காய் அரைத்து ஊற்றுவதை மட்டும் அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். தேங்காய்ப்பால் என்பது நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். பனிப்படிகம் துளிகளை நெருக்கி ஒன்று சேர்ப்பதால் உருக்கும்போது திரிந்து தனித்தனியாக நிற்கும். துருவிய தேங்காய்க்கு இந்தத் தொல்லை இல்லை. டொரன்டோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளின் ஃபிரீசரில் துருவிய தேங்காயும் முருங்கைக்காயும் அடுக்கியிருப்பது, இவை குளிரைத் தாங்கும் என்பதற்கு நடைமுறைச் சான்று. உருளைக்கிழங்கு, முட்டையின் வெள்ளை, கத்திரிக்காய் ஆகியவற்றை உறைய வைக்கப்போகும் குழம்பில் போடாமல் இருப்பது நல்லது. தாளிப்பு எப்போதும் கடைசியில், புதிதாக.

மாவுச்சத்துக்கு வேறொரு விதி, பலர் எதிர்பார்க்காதது. வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறியதும் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது பூஜ்யத்துக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுச் சூட்டில். ஃபிரீசரில் நீர் அசையாமல் போவதால் அடுக்கும் வேலை நின்றுவிடும். ஆகவே மிஞ்சிய இட்லியைக் கீழ்த்தட்டில் மூன்று நாள் வைத்துக் கல்லாக்குவதை விட, அன்றே உறைய வைத்து, தேவைப்படும்போது நேராக ஆவியில் ஏற்றுவது எவ்வளவோ மேல். ஆவிச் சூட்டில் அடுக்கு கலைந்து இட்லி மெத்தென்று திரும்பும். மாவை உறைய வைப்பதை விட அவித்த இட்லியை உறைய வைப்பது நல்லது என்பதற்கும் காரணம் உண்டு: லூக்கனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் ஊதிய நுரை மாவில் நிலையற்றது, ஆவியில் வெந்த பிறகுதான் அது உறுதியாகிறது.

சோற்றில் ஓர் ஆபத்து இருக்கிறது. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பாக மதியம் முழுக்கக் கிடந்த சோற்றில் அவை முளைத்து, சூடாக்கினாலும் அழியாத நஞ்சைச் சுரக்கலாம். சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிடக்க விடக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதையெல்லாம் கருதித்தான். சூடான அண்டாவை அப்படியே ஃபிரிட்ஜில் தூக்கி வைப்பதும் தவறு, ஆறட்டும் என்று ராத்திரி வரை மேடையில் விடுவதும் தவறு. அகலமான தட்டுகளில் ஊற்றி ஆவி அடங்கியதும் உள்ளே வைக்க வேண்டும்.

கடையில் வாங்கும் உறைந்த உணவு

உறைந்தது என்ற ஒரே சொல்லுக்குள் பச்சைப் பட்டாணியும் பரோட்டாவும் அடங்கிவிடுவதால் குழப்பம் வருகிறது. பட்டாணியைப் பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் ஓரிரு நிமிடம் முக்கி, நொதிகளை அடக்கி, உறைய வைக்கிறார்கள். அதில் கொஞ்சம் வைட்டமின் சி போகும். ஆனால் நாலு நாள் லாரியிலும் கடையிலும் வாடிய பட்டாணி இழப்பது அதற்குக் குறைந்ததல்ல. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் முன்வைத்த நோவா வகைப்பாடு உறைந்த காயையும் மீனையும் பதப்படுத்தல் குறைந்த முதல் பிரிவிலேயே வைக்கிறது. உறைய வைப்பது உணவைக் கெடுப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

மைதாவும் கொழுப்பும் சேர்ந்த பரோட்டா, முன்பே எண்ணெயில் பொரித்த சிப்ஸ், நகெட் ஆகியவை வேறு ஜாதி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் இரண்டு வாரம் மிகைப்பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் எளிய உணவையும் வேண்டிய மட்டும் சாப்பிட்டார்கள். முன்னதில் நாளுக்கு ஏறக்குறைய 500 கிலோ கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரி முதல் இருக்கிறது. உப்புக்கு அப்படி ஒரு வேலி இல்லை. பொட்டலத்தில் சோடியம் என்று போட்டிருப்பதை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் சோடியம் என்றால் 200 கிராம் பொட்டலத்தில் 3 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கருவாட்டுக் குழம்பு வைத்த நாளிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் நேர்மை. மாதத்தில் இரண்டு மூன்று இரவு, உடம்பு முடியாதபோது, ஒரு பரோட்டாப் பொட்டலம் உதவுவதில் தவறில்லை. அது வாரத்தில் நாலு இரவு ஆகிறதென்றால் ஞாயிற்றுக்கிழமை வேலையில் வீட்டிலுள்ள மற்றவர்களின் கையும் சேர வேண்டியிருக்கிறது.

உருக்குவதும், மின்சாரம் போவதும்

உறைய வைப்பதை விட உருக்குவதற்கு அதிக நேரம் ஆகும். பனி வெப்பத்தைக் கடத்தும் திறன் தண்ணீருடையதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. உருகும்போது வெளியே முதலில் உண்டாகும் நீர்ப்படலம் உள்ளே வெப்பம் போவதைத் தடுக்கிறது. காலையில் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் மீனின் வெளிப்புறம் பல மணி நேரம் அறைச் சூட்டில் இருந்திருக்கும். உறங்கிய பாக்டீரியாக்கள் விழித்துப் பெருகியிருக்கும். முதல்நாள் இரவே ஃபிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வைப்பது பாதுகாப்பானது. மறந்துவிட்டால், தட்டையான பையைத் திறக்காமல் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினால் அரை மணி, முக்கால் மணியில் உருகும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் தென்னைகளோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. அந்த நாட்களில் ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி. கருவாடும் வத்தலும் ஊறுகாயும் மின்சாரத்தை நம்பி இருப்பவை அல்ல. உப்பும் வெயிலும் நீரை எடுத்துவிட்டதால் நுண்ணுயிருக்கு அங்கே இடமில்லை. கரையோர வீட்டில் ஃபிரீசர் வந்த பிறகும் கருவாட்டுப் பானைக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்குப் பழக்கப் பாசத்தை விட வலுவான காரணம் இது.

சாதாரண மின்தடைக்கு, நிரம்பிய ஃபிரீசர் கதவைத் திறக்காவிட்டால் இரண்டு நாள் வரையும், பாதி நிரம்பியது ஒரு நாள் வரையும் குளிரைப் பிடித்து வைக்கும். நம் கோடையில் அதற்குக் குறையும். கீழ்த்தட்டுக்கு நாலு மணி நேரம்தான். உருகத் தொடங்கினாலும் உள்ளே பனி மிச்சமிருக்கும் மீனைத் திரும்ப உறைய வைக்கலாம். சாறு கொஞ்சம் போகும், அவ்வளவுதான். முழுக்க உருகி வெதுவெதுப்பானதைக் கொட்டிவிட வேண்டும். வெளியூர் போய்த் திரும்பும் குடும்பத்துக்கு நடுவில் மின்சாரம் போய் வந்ததா என்பது தெரியாது. எல்லாம் மறுபடி உறைந்து, பார்க்க ஒழுங்காகவே இருக்கும். அதற்கு ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, பனியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போனால் போதும். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் மீன் உருகவில்லை. டம்ளரின் அடியில் பனிக்குள் கிடந்தால், அதே ஃபிரீசரில் இருந்த மீனைச் சமைக்கக் கூடாது.